இரண்டு பதிவுகளுக்கு ஒரே கைரேகை

1

இந்தக் கதை எனக்கு ஒரு செயலியின் புதுப்பிப்புக் குறிப்பிலிருந்து கிடைத்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கதை கிடைக்க வேண்டிய இடமா அது?

பத்திரிகைக்கு ஆட்களைப் பேட்டி எடுக்கும்போது 'உறை' என்ற ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துகிறேன். கட்டற்ற மென்பொருள். அதாவது, அதன் வயிற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு மதியம் அது தன்னைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. அந்த மாதிரிக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை, நானும்தான். அன்று நல்ல மழை. பேட்டி தருவதாகச் சொன்னவர் வரவில்லை. படித்தேன்.

"பழைய கைரேகை முறை நீக்கப்பட்டது. புதிய முறை சேர்க்கப்பட்டது. வேறு முறை வேண்டுவோர் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். இதைச் செய்யச் சொல்லி ஒருவர் வெகுநாள் முன்பே எழுதினார். அவர் அனுப்பியதைப் படித்து, புரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் அவரைக் கேலி செய்தேன். அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது. – பொறுப்பாளர்."

எழுத்துப்பிழை திருத்தம், பொத்தானின் நிறம் மாற்றம் என்ற இரண்டு வரிகளுக்கு நடுவில் இது சும்மா கிடந்தது. மென்பொருள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. பொறுப்பாளருக்கு எழுதினேன். முதலில் முடியாது என்றார். பிறகு, அவர் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தின் கேண்டீனில் சந்திக்கச் சம்மதித்தார்.

"எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றார். "உங்க ஆளுங்களுக்கு அது கை வந்த வேலை."

2

அவர் சொன்னது சரி. என் முதல் தொடக்கம் இது:

"அந்தக் கணக்கில் ஓட்டை இருப்பது அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை."

[பொய். தெரியும்.]

இரண்டாவது:

"அலுவலகத்தில் வருடக் கடைசி. வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல். அந்த நெருக்கடியில் வந்த மின்னஞ்சலை அவள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு —"

[மேலோட்டமாக இல்லை. இரண்டு தடவை படித்தாள். மாமியாருக்கு அன்று காய்ச்சலும் இல்லை. அது நான் ஏற்றிவிட்ட காய்ச்சல்.]

மூன்றாவது:

"திறமைசாலிகளுக்கு எப்போதும் ஒரு —"

[இது எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.]

கவனித்தீர்களா, மூன்றிலும் நான் அவளுக்கு ஒரு குடையைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறேன். வெட்கப்படுகிறவரைப் பார்த்தால் நமக்கு ஏனோ அவசரமாக எதையாவது போர்த்திவிடத் தோன்றுகிறது. நல்லெண்ணம்போலத் தெரியும். உண்மையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குத்தான் சிரமம்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். (நேரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. தமிழில் இந்தத் தொல்லை உண்டு. 'அவர்' என்று எழுதினால் மாலை போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. மாலை வேண்டாம் என்பதுதானே அவர் போட்ட ஒரே நிபந்தனை.) அவளை 'அக்கா' என்று அழைக்கப்போகிறேன், கதையில் ஒரு தங்கை வருவதால். மென்பொருள் எழுதுகிற கூட்டத்தில் அவளுக்குப் 'பெரியம்மா' என்று பட்டப்பெயர். நாற்பதைத் தொடாத பெண்ணுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், மின்னஞ்சல் குழுவில் எல்லோரையும் அவள் திட்டுகிற திட்டு.

3

கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ஒரு கோப்பை, அது பாட்டோ படமோ பேச்சோ, ஒரு குறிப்பிட்ட கணக்குக்குள் போட்டு அரைத்தால் மறுபக்கம் சின்னதாக ஓர் எழுத்துச் சரம் வந்து விழும். கணினிக்காரர்கள் இதை ஹாஷ் என்பார்கள். உறையில் இதற்குக் கைரேகை என்று பெயர். பேச்சிலிருந்து ஒரு இருமலை மட்டும் வெட்டி எடுத்தாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். பதிவு முடிந்த கையோடு உறை அந்தக் கைரேகையைத் தேதி போட்டு ஒரு பொதுப் பலகையில் ஒட்டிவிடும். பேச்சை அல்ல, கைரேகையை மட்டும். பின்னால் யாராவது "நீ வெட்டி ஒட்டியிருக்கிறாய்" என்றால், மறுபடி அரைத்துப் பலகையில் இருப்பதோடு பொருத்திக் காட்டலாம். அவ்வளவுதான் உறை.

ஆனால் அரைக்கிற கணக்குகள் பல. சிலவற்றுக்கு வயதாகிவிட்டது. வயதான கணக்கில் ஒரு வித்தை செய்யலாம்: இரண்டு வெவ்வேறு கோப்புகளைச் சேர்த்தே திட்டமிட்டுத் தயாரித்து, இரண்டுக்கும் ஒரே கைரேகை வரவைக்கலாம். உங்கள் பதிவுக்கு வெளியாள் யாரும் இப்படிப் போலி செய்துவிட முடியாது. பதிவை உண்டாக்குகிறவரே முன்கூட்டி ஜோடியாகத் தயாரித்தால்தான் நடக்கும். மற்றதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். இந்தக் கதையில் ஒரு பெண்ணின் மானம் இந்த இடத்தில்தான் போகப்போகிறது.

4

உறை பழைய கணக்கைத்தான் பயன்படுத்தியது. அக்கா எழுதத் தொடங்கியபோது அதுதான் நடப்பு. பழைய கைபேசிகளிலும் ஓட வேண்டும் என்று அவள் அதைத் தன் கையால் இழைத்து இழைத்து வேகமாக்கியிருந்தாள். விடுமுறை நாட்களில் இஸ்திரி மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, நின்றபடியே. ஒரு மாநாட்டில் அதைப் பற்றிப் பேசியபோது ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவள் எனக்கு விவரித்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சமயம் 'தும்பி' என்ற புனைபெயரில் ஒருவர் குழுவுக்கு எழுத ஆரம்பித்தார். பழைய கணக்கைக் கைவிட வேண்டும். புதிய, பலமான கணக்கு ஒன்றை முதன்மையாக வைக்க வேண்டும். அதோடு, நாளைக்கு அதற்கும் வயதானால் எளிதாக வேறொன்றை மாட்டிக்கொள்ள வசதி வேண்டும். வாயால் மட்டும் சொல்லவில்லை, திருத்தத்தையும் எழுதி அனுப்பினார். அக்கா பதில் போடவில்லை. அவர் மறுபடி எழுதினார். மறுபடியும். ஏழாவது தடவை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையையும் இணைத்திருந்தார்.

அக்கா அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், துணி காயப்போட்டுவிட்டு வந்து படித்தாள். முதல் தடவை எரிச்சலோடு. இரண்டாம் தடவை மெதுவாக. படித்து முடித்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஆள் சொல்வது சரி, தான் இழைத்து வைத்த அத்தனையையும் பிடுங்கி எறிய வேண்டும், அதுவும் அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டு.

பிறகு பதில் எழுதினாள். குழுவில் எல்லோரும் பார்க்கும்படி:

"தும்பி அவர்களே, வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்கு ஒரு பூட்டு, அதற்கும் ஒரு பூட்டு என்று போட்டுக்கொண்டே போனால் நாம் வீட்டுக்குள் போவது எப்போது? உங்களுக்குத் தேவை புதுக் கணக்கு அல்ல, நல்ல தூக்கம். ஆண்டவன் அருள்வானாக."

கணவரிடம் வாசித்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குழுவே சிரித்தது. பிறகு யார் எதைக் கேட்டாலும் "உங்களுக்குத் தேவை நல்ல தூக்கம்" என்று பதில் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. தும்பி அதன் பிறகு எழுதவில்லை.

"அப்போ என்ன தோணுச்சு?" என்று கேட்டேன்.

"நிம்மதியா இருந்துச்சு" என்றாள். "அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

5

[தும்பியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரை ஒரு மகான் மாதிரி எழுதியிருந்தேன். மெலிந்த உடம்பு, அமைதியான கண்கள், ஊரே சிரித்தாலும் சலிக்காத பொறுமை. அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"யாருங்க இது?" என்றாள். "நான் அவரைப் பார்த்ததே இல்ல, நீங்களும் பார்த்ததில்ல. அவர் ஒரு தொல்லைங்க! கமா விட்டுப்போனாக்கூட ஒரு பக்கத்துக்கு எழுதுவார். 'நான் ஏற்கெனவே சுட்டிக்காட்டியபடி'ன்னு ஆரம்பிப்பார். அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும். ஆனா சொன்னது சரி. தொல்லையா இருக்கிறவங்க சரியா சொல்லக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

கண்களை நீக்கிவிட்டேன். உடம்பையும். தும்பிக்கு இந்தக் கதையில் மின்னஞ்சல் மட்டும்தான்.]

6

தங்கை ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் அடுக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அந்தப் பிரிவின் பின்கதவு வழியாக ஆட்கள் நடுவில் வெளியே போகிறார்கள் என்று மேலாளருக்குக் கோபம். வேலை நேரத்தில் அதைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தங்கை அந்த உத்தரவை எழுத்தில் கேட்டாள்; தரவில்லை.

"அது அவசர வழி, அக்கா. அதைப் போய்ப் பூட்டச் சொல்றாரு" என்று தங்கை அக்காவுக்குப் போன் பண்ணினாள். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பூட்டினேன்னு என் தலையில கட்டிடுவாங்க."

"அவர் சொல்றதைப் பதிவு பண்ணி வைடி. நம்ம உறையில போடு. அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல."

இதைச் சொன்னபோது ஒரு நொடி உள்ளே உறுத்தியது என்கிறாள் அக்கா. அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. 'என் தங்கச்சி என்ன, ஜோடிக் கோப்பா தயாரிக்கப் போறா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தர்க்கம் சரிதான். போலி செய்யாதவளின் பதிவு போலியாகாது. ஆனால் பிரச்சினை போலி செய்வது அல்ல. போலி செய்திருக்கலாம் என்று இன்னொருவர் சொல்ல முடிவது. அதுவும் அவளுக்கு அப்போதே தெரியும்.*

தங்கை பதிவு செய்தாள். மேலாளரின் குரல் தெளிவாக இருந்தது: "பூட்டுன்னா பூட்டு. என்ன வந்தாலும் நான் பார்த்துக்கறேன்." அவள் பூட்டினாள். தினமும், தன் கையாலேயே.

ஒருநாள் பசை காய்ச்சும் அறையில் தீப்பிடித்தது. பெரிய தீ அல்ல. புகைதான் அதிகம். தங்கை சாவியோடு அலுவலக அறையில் இருந்தாள். அவள் ஓடி வந்து திறப்பதற்குள் பசைப்பிரிவில் வேலை செய்த பெண் ஒருவர், அந்தப் பின்கதவு வழியாக வெளியேற முடியாமல், மாடி ஜன்னலிலிருந்து குதித்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இனி அவரால் நின்று வேலை செய்ய முடியாது என்றார்கள்.

விசாரணை வைத்தார்கள். மேலாளர் சொன்னார்: "நான் பூட்டச் சொல்லவே இல்லை. அந்தம்மா தானாவே பூட்டினாங்க."

\* இந்த நட்சத்திரக் குறியை அக்கா போடச் சொன்னாள். "அதுவும் அவளுக்கு அப்போதே தெரியும்" என்ற வரியை நான் மென்மைப்படுத்திவிடுவேன் என்று பயந்தாள். மென்மைப்படுத்தியிருந்தேன். அந்த மென்மையை எடுத்துவிட்டேன்.

7

அது நீதிமன்றம் இல்லை. ஒரு நீள மேஜை, தலைமாட்டில் விசாரணை அதிகாரி, இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் மேலாளரும் கம்பெனி வக்கீலும், சுவரோரமாக ஆலைத் தொழிலாளர்கள். உறை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க அக்காவைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். போகும்போது தங்கையிடம், "பயப்படாதே, பத்து நிமிஷ வேலை" என்றாள்.

வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. மடிக்கணினியில் இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினார். முதலாவதில் ஓர் ஆண்குரல்: "கதவைத் திறந்தே வை." இரண்டாவதில் அதே குரல்: "கதவைப் பூட்டு." இரண்டையும் உறையில் போட்டு அரைத்தார்.

"மேடம், திரையில இருக்கிற ரெண்டு கைரேகையையும் கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?"

அக்கா படித்தாள்.

"ஏதாவது வித்தியாசம்?"

"இல்ல."

"இப்படி ஜோடியா தயாரிக்க யாரால முடியும்?"

"பதிவு பண்றவங்களால."

"இந்த வழக்கில பதிவு பண்ணினது?"

"என் தங்கச்சி."

"செயலியை எழுதினது?"

"நான்."

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு வக்கீல் ஒரு தாளை எடுத்தார். "இந்த ஓட்டையைப் பத்தி உங்களுக்கு ஒருத்தர் பல தடவை எழுதியிருக்கார். நீங்க ஒரு பதில் போட்டிருக்கீங்க. வாசிக்கலாமா?" வாசித்தார். பூட்டு, பூட்டுக்கு மேல் பூட்டு, நல்ல தூக்கம், ஆண்டவன் அருள்வானாக. பூட்டிய கதவைப் பற்றிய விசாரணையில் பூட்டு ஜோக். (இந்தப் பொருத்தத்தை நானே கற்பனை செய்திருந்தால் வெட்டியிருப்பேன்.) பின்னால் இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் சிரித்துவிட்டார்கள். நல்ல ஜோக்தான், எழுத்து அப்படி.

"அவர் ஒரு கட்டுரையையும் இணைச்சிருக்கார். அதைப் படிச்சீங்களா மேடம்?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் இதற்கும் பதில் இருக்கும் என்ற நம்பிக்கை.

"சரியா ஞாபகம் இல்ல" என்றாள் அக்கா.

8

இந்த இடத்தில் என் வரைவில் "படித்தேன்" என்று ஒரு சொல் இருந்தது. நானாகப் போட்டது. போட்டதும் கதை எவ்வளவு அழகாகத் திரும்பியது தெரியுமா? அவள் நிமிர்ந்து நின்றாள், அறை நிசப்தமானது, எனக்கே கண் கலங்கியது. அடித்துவிட்டேன்.

ஏன் அந்த ஒரு சொல் அவ்வளவு முக்கியம் என்றால், அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஒன்று இருந்தது. இப்படி ஜோடியாகத் தயாரிக்கப்பட்ட கோப்புக்குள் அந்த வேலையின் தடம் கிடக்கும். ஜோடியில் ஒன்று மட்டும் கையில் இருந்தாலும் தடத்தைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிடலாம். தங்கையின் பதிவைச் சோதித்தால் தடம் இருக்காது. இருக்காது என்பதே அவளுக்குச் சாட்சி. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் அக்கா. வக்கீலுக்கும் தெரிந்திருக்கலாம், அவர் ஏன் சொல்லப்போகிறார்?

"படிச்சேன்" என்றால், படித்த பிறகு கேலி செய்ததாக ஆகும். "ஞாபகம் இல்ல" என்றால், கடைசிப் பகுதியைப் பற்றி வாய் திறக்க முடியாது. இரண்டும் ஒரு மூச்சு இடைவெளியில் அவள் மனதில் ஓடின. தேர்ந்தெடுத்தாள்.

வராந்தாவில் தங்கை கேட்டாள்: "நீ படிச்சியா, இல்லையா?"

"ஞாபகம் இல்லடி."

"உனக்கா?" என்றாள் தங்கை. "நான் ரெண்டாங்கிளாஸ்ல தொலைச்ச குடையோட நிறம் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கிற உனக்கா?"

அக்கா கைப்பையில் எதையோ தேடினாள். தங்கை தனியாக இறங்கிப் போனாள்.

9

பதிவை ஏற்க முடியாது என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். தங்கையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அக்கா அலுவலகம் போய்வந்தாள், சமைத்தாள், குழுவில் யாரோ கேட்ட கேள்விக்குப் பதில்கூடப் போட்டாள். [இந்த நாட்களை அவள் வேதனையில் கழித்தாள் என்று எழுதப்போனேன். "கழிக்கல. நல்லாத்தான் சாப்பிட்டேன்" என்றாள்.]

ஒரு காலை அம்மா போன் பண்ணினாள்.

"அந்தக் குதிச்ச பொண்ணு இல்ல, அது உன் தங்கச்சிக்குப் போன் பண்ணி, 'நீங்களாவா அக்கா பூட்டினீங்க?'ன்னு கேட்டுச்சாம். திட்டக்கூட இல்லையாம்டி. சும்மா கேட்டுச்சாம். அதிலிருந்து இவ வாயே திறக்க மாட்டேங்கிறா. நீ பெரிய படிப்பெல்லாம் படிச்சவதானே, ஏதாவது செய்யக் கூடாதா?"

அக்கா அன்று விடுப்புச் சொன்னாள். இஸ்திரி மேஜை முன்னால் நின்று தும்பிக்கு எழுதினாள். நடந்ததை எல்லாம் எழுதினாள். படித்ததை, கேலி செய்ததை, விசாரணையில் சொன்ன பொய்யை. மன்னிப்புக் கேட்டாள். தடம் தேடும் நிரல் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

மாலைக்குள் பதில் வந்தது. "நான் ஏற்கெனவே ஏழு முறை சுட்டிக்காட்டியபடி" என்றுதான் ஆரம்பித்தது. நிரலை இணைத்திருந்தார். எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு கமா விடாமல் எழுதியிருந்தார். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மட்டும்: "முடிவை நீங்கள் சொல்ல வேண்டாம். இனி உங்கள் சொல் செல்லாது. வெளியாள் யாராவது ஓட்டட்டும். அதற்குத்தானே மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிறோம்."

அக்கா அந்தக் கடைசி வரியை என்னிடம் பார்க்காமலே ஒப்பித்தாள்.

அடுத்த நாள் அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் சார். படிச்சிருந்தேன். நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதிக் கொடுத்தா உங்களுக்குத்தான் பாதகம். யோசிச்சீங்களா?"

"யோசிச்சுத்தான் சார் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

மறுவிசாரணையில் வக்கீல் கேட்க வேண்டியதைக் கேட்டார். "அன்னிக்குப் பொய் சொன்னவங்க இன்னிக்கு உண்மை சொல்றாங்கன்னு எப்படி நம்பறது?" அக்கா எழுந்து, "நம்ப வேண்டாம்" என்றாள். "நிரல் பொதுவில இருக்கு. நீங்களே ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து ஓட்டிப் பாருங்க. நான் அந்த ரூமுக்குள்ளகூட வர மாட்டேன்."

சொன்னபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நியமித்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டினார். வக்கீலின் ஜோடிப் பதிவுகள் இரண்டிலும் தடம் இருந்தது. தங்கையின் பதிவில் இல்லை.

பதிவை ஏற்றுக்கொண்டார்கள். மேலாளர்மேல் நடவடிக்கை வந்தது. குதித்த பெண்ணுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கச் சொன்னார்கள். தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது: உத்தரவு யாருடையதாக இருந்தாலும் அவசர வழியைப் பூட்டிய கை மேற்பார்வையாளருடையது; அவர் மறுத்திருக்க வேண்டும். தங்கைக்கு எச்சரிக்கை. அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். ஆனால் இப்போது அவளைப் பார்த்து யாரும், போலி செய்தாயா என்று கேட்பதில்லை.

உறை புதிய கணக்குக்கு மாறியது, தும்பியின் திருத்தத்தோடு, தும்பியின் பெயரில். அந்தப் பதிப்புக்குத்தான் அக்கா அந்தக் குறிப்பை எழுதினாள். குழுவில் சிலர், இது ரொம்ப அதிகம் பெரியம்மா, நீக்கிவிடுங்கள் என்றார்கள். அவள் நீக்கவில்லை. இப்போது அவளை யாரும் பெரியம்மா என்று கூப்பிடுவதில்லையாம். மரியாதையாக மேடம் என்கிறார்களாம். "அதுதான் தண்டனை" என்று சிரித்தாள்.

10

முடிவு வேண்டுமே. எழுதிப் பார்த்த இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று. அம்மா வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். தங்கை வந்து அக்காவின் தட்டில் அப்பளத்தை வைக்கிறாள். அக்கா நிமிர்ந்து பார்க்க, இருவர் கண்ணிலும் —

[இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.]

இரண்டு. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

[கச்சிதமாக இருந்தது. இரண்டு நாள் இதையே வைத்திருந்தேன். ஆனால் பேசிக்கொள்கிறார்கள். "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியா", "வாங்கிட்டேன்" என்ற அளவில். பாதி மூடிய வாயோடு பேசுவது பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டம். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.]

ஆகவே, நான் கடைசியாக அக்காவைச் சந்தித்தபோது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். போன வாரம் நடந்தது.

தங்கை வேறு வேலை கிடைத்து வேறு வீட்டுக்கு மாறியிருந்தாள். ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்ட வேண்டும். சுவரில் துளை போடும் மெஷின் அக்காவிடம்தான் இருக்கிறது. அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அக்கா போனாள். காலியான அறை, வெறும் ஜன்னல், தெருச்சத்தம். இருந்த ஒரே ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அக்கா மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள். ஸ்டூல் ஆடியது. தங்கை வந்து குனிந்து, இரண்டு கையாலும் பிடித்தாள்.

அக்கா சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தாள். கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்றாள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"பிடிச்சிருக்கியா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதிலேயே வேறு மாதிரி விழுந்ததாம், ஸ்டூலை இல்லை, தன்னைப் பிடித்திருக்கிறாயா என்று கேட்டதுபோல. திருத்திக் கேட்கலாமா என்று யோசித்தாளாம். கேட்கவில்லை. மெஷினையும் ஓடவிடவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள்.

பிறகு தங்கை ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அக்கா எனக்குச் சொன்னாள். இங்கே அதை எழுத மாட்டேன். அக்கா தடுக்கவில்லை, நான்தான் தடுக்கிறேன். அந்தப் பதில் நன்றாக இருந்தால் நீங்கள் அக்காவை அவசரமாக மன்னித்துவிடுவீர்கள். மோசமாக இருந்தால் அவசரமாகப் பரிதாபப்படுவீர்கள். இரண்டுமே குடைதான்.

அக்கா மேலே நின்று கேட்டுவிட்டாள். ஸ்டூலின் குட்டைக்கால் உங்கள் கைக்குள் இருக்கிறது. சொல்லுங்கள்.